மரபெழுத்தின் மேல் ஒரு புள்ளி: ஆல்கைலேற்றிகள் புற்றுநோயை உண்டாக்குவது எப்படி?

எங்கள் வீட்டு மருந்து டப்பா ஒரு பழைய பிஸ்கட் டின். தலைவலித் தைலம், ஓஆர்எஸ் பொட்டலம், பாதி காலியான பாராசிட்டமால் அட்டை, இவற்றோடு ரானிடிடின் அட்டை ஒன்றும் எப்போதும் அதில் கிடக்கும். அப்பாவுக்கு நெஞ்செரிச்சல். பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்த மாத்திரையைப் போட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்தது பாதி, மெடிக்கல் ஷாப்பில் அவராகவே கேட்டு வாங்கியது மீதி. 2019 செப்டம்பரில், அந்த மாத்திரையில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இருக்கிறது என்று செய்தி வந்தது. அம்மா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே போன் செய்தார். "இத்தனை வருஷம் போட்டாரே, உள்ள போனது என்ன ஆகியிருக்கும்?"

பயத்தில் கேட்டதுதான். ஆனாலும் சரியான கேள்வி. ஏறக்குறைய எண்பது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்வியும் அதுவே: உள்ளே போனது என்ன ஆகிறது?

அந்தப் பொருளின் பெயர் என்-நைட்ரோசோடைமெத்திலமின், சுருக்கமாக என்டிஎம்ஏ. முந்தைய ஆண்டு, 2018 ஜூலையில், வால்சார்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரையில் இதே பொருள் சிக்கியது. அங்கே காரணம் தயாரிப்பு முறை. சீனாவின் ஓர் ஆலை 2012-ல் செய்முறையை மாற்றியிருந்தது. புதிய முறையில் பயன்பட்ட கரைப்பானும் சோடியம் நைட்ரைட்டும் சேர்ந்த இடத்தில் என்டிஎம்ஏ பிறந்தது. ரானிடிடின் கதை வேறு. அதன் மூலக்கூறே நாள்பட நாள்பட, வெப்பம் பட்டால் இன்னும் வேகமாக, சிதைந்து என்டிஎம்ஏ-வை உண்டாக்குகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 ஏப்ரலில் எல்லா ரானிடிடின் தயாரிப்புகளையும் சந்தையிலிருந்து எடுத்துவிடச் சொன்னது. இந்தியாவில் 2022 செப்டம்பரில் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலிலிருந்து ரானிடிடின் நீக்கப்பட்டது.

நாளொன்றுக்கு 96 நானோகிராம் வரை ஏற்கத்தக்கது என்பது கட்டுப்பாட்டு அமைப்புகள் வைத்திருக்கும் வரம்பு. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம். அந்த அளவில் எழுபது ஆண்டுகள் தினமும் உட்கொண்டால், ஒரு லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்ற கணக்கில் போட்ட வரம்பு அது. ரானிடிடின் சாப்பிட்ட லட்சக்கணக்கானவர்களை மற்ற அமில மருந்துகள் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வு, புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் "உள்ளே போனது என்ன ஆகிறது" என்ற கேள்வி அப்படியே இருந்தது.

ஓலையும் புள்ளியும்

ஆல்கைலேற்றம் என்பது வேதியியலில் சாதாரண வேலை. ஒரு மூலக்கூறின் மேல் கார்பனும் ஹைட்ரஜனும் கொண்ட ஒரு சிறு துண்டை ஒட்டவைப்பது, அவ்வளவுதான். அந்தத் துண்டுகளில் மிகச் சிறியது மெத்தில்: ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். ஒட்டவைக்கும் வேதிப்பொருளுக்கு ஆல்கைலேற்றி என்று பெயர். அது போய் ஒட்டும் இடம் நம் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ என்றால், அங்கேதான் வினை.

அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கே எழுத்துகளில் எழுதப்பட்டது டிஎன்ஏ. ஒரு மனித செல்லில் சுமார் 600 கோடி எழுத்து ஜோடிகள். குவானின் எப்போதும் சைட்டோசினோடு சேரும், அடினின் தைமினோடு சேரும். செல் பிரியும்போது இந்த ஜோடி விதியை வைத்துத்தான் நகல் எடுக்கப்படுகிறது.

நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும். அந்தக் காலத்தில் எகரத்துக்குப் புள்ளி உண்டு, ஏகாரத்துக்கு இல்லை. புள்ளியே இல்லாத சுவடியில் 'எரி'யும் 'ஏரி'யும் ஒரே மாதிரி இருக்கும். பதிப்பித்தவர் இடம் பார்த்து ஊகித்தார். ஊகம் தவறி 'எரி' என்று அச்சேறிவிட்டால், அதைப் பார்த்து அச்சிடும் அடுத்த பதிப்புகளில் எல்லாம் எரிதான். தடுமாற்றம் இருந்த சுவடே தெரியாது. அச்சில் இருப்பது சந்தேகமே இல்லாத ஓர் எழுத்து.

குவானினின் ஆறாவது இடத்தில் இருக்கும் ஆக்சிஜன் மேல் ஒரு மெத்தில் ஒட்டினால் இதேதான் நடக்கிறது. அந்தக் குவானின் இப்போது பார்வைக்கு அடினின் போலத் தெரிகிறது. நகலெடுக்கும் நொதி ஏமாந்து, எதிரே சைட்டோசின் வைப்பதற்குப் பதில் தைமினை வைத்துவிடுகிறது. அடுத்த முறை செல் பிரியும்போது அந்தத் தைமினுக்கு எதிரே முறைப்படி அடினின் வரும். குவானின் இருந்த இடத்தில் இப்போது அடினின். மெத்தில் அங்கே இல்லை, கறை இல்லை, தடயம் இல்லை. எழுத்து மட்டும் மாறிவிட்டது. இதைத்தான் சடுதிமாற்றம் என்கிறோம். மெத்தில் ஒட்டியிருக்கும்வரை அதைச் சரிசெய்ய வழியுண்டு. இரண்டு முறை நகல் எடுத்தபின் சரிசெய்ய எதுவுமே இல்லை.

கட்டடக் கூரையும் பழ ஈக்களும்

வேதிப்பொருளால் மரபெழுத்து மாறும் என்பதே 1940-க்கு முன் உறுதியாகாத விஷயம். எக்ஸ் கதிர் மாற்றும் என்று ஹெர்மன் முல்லர் 1927-ல் காட்டியிருந்தார். வேதிப்பொருள்களை வைத்துப் பலர் முயன்று தோற்றிருந்தார்கள்.

ஷார்லட் அவர்பாக் 1899-ல் ஜெர்மனியின் கிரெஃபெல்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெர்லினில் பள்ளி ஆசிரியை. 1933-ல் நாஜிகளின் சட்டம் வேலையைப் பறித்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு வந்து சேர்ந்து, அங்கே விலங்கு மரபியல் நிறுவனத்தில் ஆய்வு செய்தார். அதே ஊரில் மருந்தியல் துறையில் இருந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். முதல் உலகப் போரில், 1917 ஜூலையில் பெல்ஜியத்தின் ஈப்ரில் ஜெர்மானியர்கள் முதன்முதலாக வீசிய கடுகு வாயு உண்டாக்கும் புண், எக்ஸ் கதிர் சுட்ட புண்ணைப் போலவே இருந்தது. ஆற மாட்டேன் என்கிறது, ஆறினாலும் மறுபடி வெடிக்கிறது. புண் ஒரே மாதிரி என்றால் உள்ளே நடப்பதும் ஒரே மாதிரி இருக்குமோ?

அவர்பாக்கும் ஜே. எம். ராப்சனும் அதைச் சோதித்தார்கள். இன்று எந்த ஆய்வகமும் அனுமதிக்காத வகையில் சோதித்தார்கள். மருந்தியல் துறைக் கட்டடத்தின் கூரை மேல் கடுகு வாயுத் திரவத்தைச் சூடாக்கி, பழ ஈக்களை அந்த ஆவியில் விட்டார்கள். அவர்பாக்கின் கைகளில் தீப்புண் போலக் கொப்புளங்கள் வந்தன. விளைவு சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது: ஈக்களில் சடுதிமாற்றங்கள், அதுவும் எக்ஸ் கதிருக்கு ஈடான வேகத்தில். போர்க்காலம் என்பதால் அதை வெளியே சொல்ல முடியவில்லை. 1946-ல்தான் அது வெளிவந்தது.

கைக்கொப்புளங்கள் பெரும்பாலான கட்டுரைகளில் ஒரு வரியோடு போய்விடும். எனக்கு அது அங்கேயே நிற்கத் தோன்றுகிறது. நாடிழந்து வந்த ஒரு பெண், தன் கையைச் சுட்டுக்கொண்டு கண்டுபிடித்த உண்மை, இன்று ஒவ்வொரு மருந்தும் உணவுச் சேர்க்கையும் சந்தைக்கு வருமுன் சடுதிமாற்றச் சோதனைக்கு உட்படுவதற்கான அடித்தளம்.

கடுகு வாயு மனிதர்களை என்ன செய்யும் என்பதற்கான விடை ஜப்பானிலிருந்து வந்தது. ஹிரோஷிமா மாவட்டத்தின் ஓகுனோஷிமா என்ற குட்டித் தீவில் 1929 முதல் 1945 வரை ரகசியமாக ஒரு நச்சுவாயு ஆலை நடந்தது. வரைபடங்களிலிருந்தே அந்தத் தீவை எடுத்துவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கானோரில் சுவாசப்பாதைப் புற்றுநோய் வழக்கத்துக்கு மிக அதிகமாக இருந்ததை ஜப்பானிய மருத்துவர்கள் 1968-ல் உலகுக்குச் சொன்னார்கள். ஆலை மூடி இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து.

கல்லீரல் தானே ஏற்றும் நெருப்பு

என்டிஎம்ஏ-வின் கதை லண்டனுக்குத் தெற்கே கார்ஷால்டனில் தொடங்குகிறது. அதை ஒரு தொழிற்கூடத்தில் கரைப்பானாகப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு ஆட்களுக்குக் கல்லீரல் பழுதானது. என்ன காரணம் என்று பார்க்கும் வேலை ஜான் பார்ன்ஸ், பீட்டர் மகீ இருவரிடம் வந்தது. முதலில் அவர்கள் கண்டது கல்லீரல் நஞ்சு. பிறகு எலிகளின் தீனியில் மிகக் குறைந்த அளவில் கலந்து, பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஓராண்டுக்குள் பெரும்பாலான எலிகளின் கல்லீரலில் கட்டிகள். 1956-ல் அதை வெளியிட்டார்கள்.

அதற்குச் சில ஆண்டுகளில் நார்வேயில் ஆடுகளும், ரோமத்துக்காக வளர்க்கப்பட்ட மிங்க் விலங்குகளும் கல்லீரல் அழுகிச் செத்தன. தீனியாகப் போட்ட ஹெர்ரிங் மீன்தூள் கெடாமல் இருக்க சோடியம் நைட்ரைட் சேர்த்திருந்தார்கள். மீனில் இயல்பாக இருக்கும் அமின்களும் நைட்ரைட்டும் சேர்ந்து என்டிஎம்ஏ ஆகிவிட்டிருந்தது. யாரும் நஞ்சு கலக்கவில்லை. தீனியிலேயே அது சமைந்துவிட்டது.

இந்த என்டிஎம்ஏ தானாக எதையும் ஆல்கைலேற்றம் செய்யாது. புட்டியில் அது சாது. கல்லீரலில் நச்சுகளைக் கழிக்க வேண்டிய ஒரு நொதி இருக்கிறது. மது அருந்தினால் பெருகுவதும் அதே நொதிதான். அது என்டிஎம்ஏ-வை உடைக்கப் போய், கண நேரமே நிலைக்கும் ஒரு துண்டை வெளிவிடுகிறது. அந்தத் துண்டு தன் மெத்திலை அருகில் இருக்கும் எதன் மேலாவது இறக்கிவிட்டு மறைகிறது. டிஎன்ஏ பக்கத்தில் இருந்தால் டிஎன்ஏ மேல். வீட்டுக் காவலுக்கு வைத்தவனே கதவைத் திறந்துவிட்ட கதை.

இறங்கும் மெத்தில்கள் எல்லாம் ஒரே தீங்கு செய்வதில்லை. இது புரிய நாளானது. லண்டனில் பீட்டர் புரூக்ஸும் பிலிப் லாலியும் 1960-ஐ ஒட்டிக் கண்டது, ஆல்கைலேற்றிகள் பெரும்பாலும் ஒட்டுவது குவானினின் ஏழாம் இடத்து நைட்ரஜனில் என்று. அதிகம் ஒட்டும் இடம்தான் ஆபத்தான இடம் என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். 1969-ல் அந்தனி லவ்லெஸ் வேறு பக்கம் கை காட்டினார்: சிறுபான்மையாக, பத்தில் ஒன்றுக்கும் குறைவாக ஒட்டும் அந்த ஆறாம் இடத்து ஆக்சிஜனைப் பாருங்கள், ஜோடி மாறுவது அங்கேதான்.

அவர் சொன்னது சரி என்பதை 1974-ல் ஜெர்மனியின் கோத், ரயெவ்ஸ்கி இருவரும் செய்த சோதனை அழகாகக் காட்டியது. பிறந்து பத்து நாளான எலிக்குட்டிகளுக்கு எத்தில்நைட்ரோசோயூரியா என்ற ஆல்கைலேற்றியை ஊசியாகப் போட்டார்கள். இதற்குக் கல்லீரலின் உதவி வேண்டாம். உடம்பு முழுதும் பரவி, சில நிமிடங்களில் தானே உடைந்து எல்லா உறுப்புகளின் டிஎன்ஏ-விலும் ஒட்டும். முதல் நாள் பார்த்தால் கல்லீரலிலும் மூளையிலும் சேதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கட்டி வருவது மூளையில். ஏன்? நாள்கணக்கில் அளந்து பார்த்தார்கள். ஆறாம் இடத்து ஒட்டைக் கல்லீரல் மளமளவென்று துடைத்துவிடுகிறது. மூளையில் அது நாள்கணக்கில் அப்படியே கிடக்கிறது. குட்டியின் மூளையில் செல்கள் வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும் நேரம் வேறு.

எவ்வளவு சேதம் என்பதோடு கதை முடிவதில்லை. செல் பிரிவதற்குள் சேதம் துடைக்கப்பட்டதா இல்லையா என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுதான்.

1983-ல் இன்னொரு கதவு திறந்தது. அமெரிக்காவில் மரியானோ பார்பசிட்டின் ஆய்வகத்தில், இந்தியாவிலிருந்து சென்ற சரஸ்வதி சுகுமார், நைட்ரோசோமெத்தில்யூரியா கொடுத்து எலிகளில் உண்டாக்கிய மார்பகக் கட்டிகளை எடுத்து மரபெழுத்தைப் படித்தார். ராஸ் என்பது செல்லைப் பிரியச் சொல்லும் விசை போன்ற ஒரு மரபணு. அதன் பன்னிரண்டாம் சொல் இயல்பாக குவானின்-குவானின்-அடினின். கட்டியில் அது குவானின்-அடினின்-அடினின். நடுவில் ஒரே ஓர் எழுத்து, அதுவும் லவ்லெஸ் சொன்ன திசையில், மாறியிருந்தது. அந்த ஒரு மாற்றத்தால் புரதத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் குளுட்டாமிக் அமிலம் வந்து உட்கார்ந்து, விசை நிறுத்த முடியாமல் அழுந்தியே நின்றுவிடுகிறது. ஒரு மெத்தில், ஓர் எழுத்து, ஒரு கட்டி என்று சங்கிலி கண்ணெதிரே தெரிந்தது.

ஒருமுறை மட்டும் வேலை செய்யும் காவலர்

ஆல்கைலேற்றம் முழுக்க வெளியிலிருந்து வருவதல்ல. உடம்பில் நல்ல வேலைக்கு மெத்தில் சுமந்து திரியும் ஒரு மூலக்கூறு இருக்கிறது. அது அவ்வப்போது தவறுதலாக டிஎன்ஏ-விலும் ஒட்டிவிடுகிறது. நச்சே தொடாதவருக்கும் இந்தச் சேதம் தினமும் உண்டு. அதனால்தான் பாக்டீரியாவிலிருந்து மனிதன் வரை இதற்கென்றே பழுதுபார்ப்பு ஏற்பாடுகள் இருக்கின்றன.

அவற்றில் எம்ஜிஎம்டி என்ற புரதத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. குவானினின் ஆறாம் இடத்தில் ஒட்டிய மெத்திலை அது பிய்த்து, தன் உடம்பின் 145-ஆம் இடத்தில் இருக்கும் சிஸ்டீன் மேல் தானே வாங்கிக்கொள்கிறது. வாங்கிய மெத்திலை அதனால் உதற முடியாது. அதோடு அதன் வேலை முடிந்தது. செல் அதைச் சிதைத்துவிடுகிறது. ஒரு மெத்திலுக்கு ஒரு புரதம் வீதம் உயிர் கொடுத்தாக வேண்டும். ஒரு செல்லில் இருக்கும் எம்ஜிஎம்டி-களை விட வந்து விழும் மெத்தில்கள் அதிகமானால், புதிதாகச் செய்து முடிக்கும்வரை மிச்சச் சேதம் அப்படியே கிடக்கும். பாக்டீரியாவில் இதே முறை நடப்பதைக் கண்டவர்களில் ஒருவரான தாமஸ் லிண்டாலுக்கு, டிஎன்ஏ பழுதுபார்ப்பு ஆய்வுகளுக்காக 2015-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அப்படியானால் பழுதுபார்க்கும் புரதம் கூடக் கூட நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அமெரிக்காவின் எம்ஐடி-யில் பெவின் எங்கல்வர்டின் குழு 2021-ல் வெளியிட்ட எலி ஆய்வு அந்த எண்ணத்தைக் கலைத்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஏஏஜி என்ற வேறொரு நொதி. இது மெத்திலைப் பிய்ப்பதில்லை. மெத்தில் ஒட்டிய எழுத்தையே வெட்டி எறிகிறது. வெட்டிய குழியை வேறு நொதிகள் வந்து நிரப்ப வேண்டும். மூன்று வகை எலிகளுக்கு என்டிஎம்ஏ கொடுத்தார்கள். ஏஏஜி இல்லாத எலிகளில் சடுதிமாற்றம் ஏறி, கல்லீரல் புற்றுநோய் கூடியது. இயல்பான எலிகள் நடுவில் நின்றன. ஏஏஜி அளவுக்கு மீறி இருந்த எலிகளில் புற்றுநோய் குறைந்தது, ஆனால் கல்லீரல் செல்கள் கூட்டமாகச் செத்தன, எலிகளே மடிந்தன. வெட்டும் கை வேகமாகி, நிரப்பும் கை பின்தங்கினால் டிஎன்ஏ முழுக்கக் குழிகள். உடைந்த டிஎன்ஏ-வோடு செல் பிழைக்காது.

மனிதர்களிலும் இந்த நொதிகளின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒரே நஞ்சு ஒரே அளவில் உள்ளே போன இருவருக்கு ஒரே விளைவு வராது என்பதற்கு இது ஒரு காரணம். "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் புகையிலை போட்டார், ஒண்ணும் ஆகலை" என்று கேட்டிருப்பீர்கள். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் தாத்தாவின் நொதி அளவு பேரனுக்கு இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. புகையிலையில் இருக்கும், என்டிஎம்ஏ-வின் குடும்பத்தைச் சேர்ந்த என்என்கே, என்என்என் என்ற நைட்ரோசமின்கள் மனிதர்களில் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. அவையும் உடம்பில் உடைந்து டிஎன்ஏ-வில் ஒட்டுபவையே. கன்னத்தில் அடக்கிய புகையிலை மணிக்கணக்கில் ஒரே இடத்துச் செல்களை நனைத்துக்கொண்டிருக்கிறது. வெறும் பாக்கும் பாதுகாப்பல்ல. அதிலுள்ள பொருள்களும் எச்சிலில் நைட்ரோசமின்களாக மாறுகின்றன.

மசாலாப் பொடி விவகாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லக் காரணமான எத்திலீன் ஆக்சைடும் ஓர் ஆல்கைலேற்றிதான். ஊசி, குளுக்கோஸ் டியூப் போன்றவற்றைக் கிருமிநீக்க உலகெங்கும் பயன்படும் வாயு. கிருமியின் டிஎன்ஏ-வைக் கொல்லும் அதே திறமைதான் அதன் ஆபத்தும். அதை மூச்சில் இழுக்கும் கிருமிநீக்கக் கூடத் தொழிலாளிக்கு இருக்கும் ஆபத்து, குழம்பில் ஒரு கரண்டி பொடி போடுபவருடையதை விடப் பல மடங்கு பெரிது. செய்திகளில் அந்தத் தொழிலாளியை நான் பார்க்கவேயில்லை.

அதே நஞ்சு மருந்தாகும்போது

கடுகு வாயு பட்டவர்களின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்துபோவதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். வெள்ளணுக்கள் தறிகெட்டுப் பெருகும் புற்றுநோய்க்கு இதையே கொடுத்தால்? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயி குட்மன், ஆல்ஃபிரட் கில்மன் இருவரும் கடுகு வாயுவின் உறவான நைட்ரஜன் மஸ்டர்டை எலிகளில் சோதித்தார்கள். 1942-ல், நிணநீர்ப் புற்று முற்றிய ஒரு நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. கழுத்தில் புடைத்திருந்த கட்டிகள் சில நாள்களில் கரைந்தன. பிறகு திரும்பி வந்தன. ஆனாலும் கீமோதெரபி அங்கிருந்துதான் புறப்பட்டது. சைக்ளோபாஸ்பமைடு, மெல்ஃபலான், குளோரம்புசில் எல்லாம் அந்த வம்சம்.

மூளைக்கட்டிக்குக் கொடுக்கும் டெமோசோலமைடு இந்தக் கட்டுரையின் மையத்துக்கே வருகிறது. அது உடம்பில் செய்வது என்டிஎம்ஏ செய்யும் அதே காரியம்: குவானினின் ஆறாம் இடத்தில் மெத்தில். அதனால் ஜோடி தவறுகிறது. தவறான ஜோடியைக் கண்டுபிடிக்கும் இன்னொரு பழுதுபார்ப்புக் குழு வருகிறது, புதிய இழையை வெட்டுகிறது, மறுபடி தைமினே வந்து உட்காருகிறது, மறுபடி வெட்டுகிறது. வெட்டி வெட்டி டிஎன்ஏ அறுந்து புற்றுசெல் சாகிறது. ஆனால் கட்டியில் எம்ஜிஎம்டி இருந்தால் மெத்திலைத் துடைத்துச் செல்லைக் காப்பாற்றிவிடும். 2005-ல் வெளியான ஆய்வில், கட்டிக்குள் எம்ஜிஎம்டி மரபணு அணைந்துகிடந்த நோயாளிகள் கதிர்சிகிச்சையோடு இந்த மருந்தையும் எடுத்தபோது அவர்களில் பாதிப் பேர் 21.7 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். அதே வகை நோயாளிகளில் கதிர்சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு அந்தக் கணக்கு 15.3 மாதம். நல்ல செல்லில் நாம் விரும்பும் காவலர், புற்றுசெல்லில் எதிரி.

இந்த மருந்துகளால் பின்னாளில் வேறு புற்றுநோய் வரலாம் என்பதும் உண்மை. ஆல்கைலேற்றி மருந்து பெற்றவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் ஒருவகை ரத்தப்புற்று வருகிறது. அவர்களில் பலருடைய செல்களில் 5, 7-ஆம் குரோமோசோம்களின் பகுதி காணாமல் போயிருக்கும். சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையைத் தாக்கும். அதனால்தான் அதிக அளவில் கொடுக்கும்போது கூடவே மெஸ்னா என்ற மருந்தும் நிறையத் தண்ணீரும். இதைப் படித்துவிட்டு யாரும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். இன்று உயிரை எடுக்க வந்திருக்கும் நோயோடு ஒப்பிட்டால், பின்னாளில் வரக்கூடிய ஆபத்து சிறிது.

வார்டில் கூடவே இருப்பவர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1979-ல் பின்லாந்து ஆய்வாளர்கள், கீமோ மருந்து கலக்கும் செவிலியரின் சிறுநீரிலேயே சடுதிமாற்றம் உண்டாக்கும் தன்மை இருப்பதைக் காட்டினார்கள். பாதுகாப்புப் பெட்டிக்குள் மருந்து கலப்பதும் இரட்டைக் கையுறையும் வழக்கத்துக்கு வரத் தூண்டியவற்றில் அந்த ஆய்வும் ஒன்று. நம் ஊரில் நோயாளியின் சிறுநீர்ப் பாத்திரத்தை எடுப்பதும் வாந்தித் துணியை அலசுவதும் பெரும்பாலும் மனைவியோ மகளோதான். மருந்து ஏறிய இரண்டு நாள்வரை அவற்றில் மருந்தின் மிச்சம் இருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், துணியைத் தனியாக அலசுங்கள். கர்ப்பிணிப் பெண்ணை அந்த வேலைக்கு விடாதீர்கள்.

கர்ப்பிணி என்று தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1966-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் சினை எலிகளுக்கு எத்தில்நைட்ரோசோயூரியாவை ஒரே ஒருமுறை கொடுத்தார்கள். தாய்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பிறந்த குட்டிகள் வளர்ந்தபோது மூளையிலும் நரம்பிலும் கட்டிகள். வயிற்றுக்குள் எல்லாச் செல்லும் பிரிந்துகொண்டே இருக்கிறது. துடைக்க நேரமில்லாமல் நகல் ஓடிக்கொண்டிருக்கும் காலம் அது.

அமெரிக்காவில் பாஸ்டனுக்கு வடக்கே வில்மிங்டன் என்ற சிற்றூர். 1953-லிருந்து 1986 வரை அங்கே ஒரு வேதிப்பொருள் ஆலை ஓடியது. கழிவுநீரை அடிப்பூச்சு இல்லாத குழிகளில் விட்டார்கள். அது மண்ணுக்குள் இறங்கி, ஊர்க்கிணறுகளுக்கு ஊற்றான நிலத்தடி நீரைத் தொட்டது. 1990-களில் அந்த ஊரில் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்துப் புற்றுநோய் வந்தது. வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கை என்பதைப் பெற்றோர்கள்தான் முதலில் உணர்ந்தார்கள், அவர்கள்தான் விடாமல் கேட்டார்கள். கிணற்று நீரில் என்டிஎம்ஏ இருப்பது தெரிந்து 2003-ல் கிணறுகள் மூடப்பட்டன. மாசசூசெட்ஸ் மாநிலச் சுகாதாரத் துறை, 1990 முதல் 2000 வரை நோய் கண்ட 22 பிள்ளைகளை எடுத்து, ஒவ்வொருவரின் தாயும் எந்தத் தெருவில் எந்த மாதங்களில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தார் என்று கணக்கிட்டது. கர்ப்பகாலத்தில் தாய் குடித்த தண்ணீரிலிருந்த என்டிஎம்ஏ-வுக்கும், கூடவே இருந்த டிரைகுளோரோஎத்திலீன் என்ற தொழிற்சாலைக் கரைப்பானுக்கும், பிள்ளையின் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக அந்த அறிக்கை சொன்னது. எங்கல்வர்டின் எலி ஆய்வுக்குத் தூண்டுதலாக இருந்ததும் இந்த ஊர்தான்.

அறிக்கை வெளியான ஆண்டு 2021. முதலில் நோய் கண்ட பிள்ளைகளில் பிழைத்திருப்பவர்கள் அதற்குள் முப்பது வயதைத் தாண்டியிருந்தார்கள்.